மேல்வீட்டு வெந்நீர்

டிசம்பர் 4, வியாழன்

விடியற்காலையிலிருந்தே தூறல். தீபத்துக்கு வந்த கூட்டம் இன்னும் வடியவில்லை, வேங்கிக்கால் ரோடு வரைக்கும் வண்டி. பால்காரர் தாமதம். மலை உச்சியைக் காணோம், முழுக்க மேகம். தீபம் தெரிகிறதா என்று மொட்டைமாடிக்குப் போய் நனைந்ததுதான் மிச்சம்.

நித்யா குளிக்க வாளி வைக்கப் போனேன். கீசர் குழாயைத் திருகியதும் சுரீர் என்று முழங்கை வரைக்கும் ஏறியது. கத்திவிட்டேன். வெளியே ஸ்டூலில் துண்டோடு உட்கார்ந்திருந்தவள், "என்னாச்சும்மா, பாம்பா?" என்கிறாள். பாம்பாக இருந்தால் அடித்தாவது போட்டிருக்கலாம்.

ஒருவேளை என் பிரமையோ என்று செருப்புப் போட்டுக்கொண்டு போய் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன். லேசாக இழுத்தது. பிரமை இல்லை. ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகியிருந்தால் அவள் கையை வைத்திருப்பாள், ஈர உடம்போடு.

பிரசவத்துக்கு வந்தவள், ஆபரேஷன் பண்ணிப் பெற்ற உடம்பு. தையல் இன்னும் இழுக்கிறது என்கிறாள். தினமும் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும், சளி பிடித்து இருமினால் தையலுக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். குழந்தைக்கும் காலை மாலை வெதுவெதுப்பாக வேண்டும். கேஸ் அடுப்பில் அண்டா வைத்தேன். அண்டாவைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் வரை போவதற்குள் இடுப்பு விட்டுப்போனது.

இவர் கீழ்பென்னாத்தூர் மில்லிலிருந்து வந்ததும் சொன்னேன். "நாளைக்கு ஓனர்கிட்ட சொல்லிடு." ஏன், இவருக்கு வாய் இல்லையா? "நீ சொன்னா கொஞ்சம் மரியாதையா கேப்பாரு." முப்பது வருஷமாக எல்லாம் நான் சொன்னால்தான் மரியாதை.

வாங்க: கிரைப்வாட்டர், சாம்பிராணி, நல்ல செருப்பு ஒன்று பாத்ரூமுக்கு (ரப்பர்).

டிசம்பர் 5, வெள்ளி

ஆபீசுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன். கீழ்வீட்டு வாசலில் போய் நின்றேன்.

ஓனர் ஏழுமலை, பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவர், கார்த்திகை முதல் தேதியே சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார். கறுப்பு வேட்டி, நெற்றி முழுக்கச் சந்தனம், தாடி. இந்த இரண்டு மாசமும் நாம் அவரை "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் பெண்டாட்டி விஜயாக்காவே அப்படித்தான் கூப்பிடுகிறார். "சாமி, காபி ஆறுது." கேட்டால் சிரிப்பு வரும், இன்றைக்கு வரவில்லை.

"சாமி, மேல கீசர்ல ஷாக் அடிக்குது."

"சாமியே சரணம். யாருக்கு அடிச்சுது?"

"எனக்குத்தான்."

"பச்சத்தண்ணில குளிச்சுப் பாருங்கம்மா. நான் ரெண்டு வேளையும் பச்சத்தண்ணிதான். உடம்பு எப்பிடி இருக்கு பாத்தீங்களா?"

"புள்ள பெத்தவ பச்சத்தண்ணில குளிக்க முடியுமா சாமி?"

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது போலிருக்கிறது. ஒரு எட்டு பின்னால் வைத்தார். "நீங்க அங்கயே நில்லுங்க." எங்கள் வீடு பிள்ளை பெற்ற வீடு, தீட்டு. விரதக்காரர் மேலே வரக் கூடாது, நாங்களும் உள்ளே போகக் கூடாது. புண்ணியாகம் பண்ணி வீடு கழுவியாயிற்று என்றேன். பொதுவாக அதோடு சரியாம், ஆனால் மாலை போட்டவர்களுக்கு ஒரு மாசக் கணக்கு என்று குருசாமி சொல்லியிருக்கிறாராம்.

"மலைக்குப் போய்ட்டு வந்து பாக்கலாம்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் நீங்களா ஆள் வெச்சு எதையும் கழட்டாதீங்க. ஃபிட்டிங்லாம் என்னுது."

இதெல்லாம் சிரித்த முகத்தோடு, குரல் கூட ஏறாமல். மாலை போட்டவர் கோபப்படக் கூடாது. மாலை போட்டவரிடம் நாமும் கோபப்படக் கூடாது, பாவம். ஆக இந்த வீட்டில் சண்டை போட எனக்குத் தை மாசம்தான் நாள் குறித்திருக்கிறது.

மேலே வந்து பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினேன். குழந்தை எழுந்துவிட்டது.

டிசம்பர் 6, சனி

மழை இல்லை. மலை தெரிந்தது. ராத்திரி தீபம் சின்னதாய், சிவப்பாய். நித்யாவைக் கைப்பிடித்து ஜன்னல் வரை கூட்டிவந்து காட்டினேன். குழந்தைக்கும் காட்டினாளாம். அது தூங்கிக்கொண்டிருந்தது.

அக்ரிமென்ட்டை எடுத்துப் படித்தார் இவர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து. "சிறு பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு, பெரும் பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு." சரி. கீசர் சிறுசா பெரிசா? அதை எந்த மகராசனும் எழுதவில்லை.

"ஷாக் அடிக்கறது பெருசுதான?" என்றேன்.

"அடிச்சவங்களுக்குப் பெருசு" என்றார். சில சமயம் இவருக்கும் வாய் வேலை செய்கிறது.

ஹீட்டர் ராடு ஒன்று வாங்கிவரச் சொன்னேன். தலையாட்டினார்.

டிசம்பர் 8, திங்கள்

ஆபீஸ். பொங்கலுக்கு முன்னால் முடிக்க வேண்டிய டைப்பிங் மலையாய்க் குவிந்திருக்கிறது. மத்தியானம் சாப்பிடும்போது ஹெட் கிளார்க்கிடம் கேட்டேன், அவருக்கு ரெண்டு வீடு வாடகைக்கு இருக்கிறது.

"குடி வரும்போதே சுவத்துல இருந்த கீசர்னா, ஒயரிங், எர்த்து எல்லாமே ஓனர் பொறுப்பு மேடம். நீங்க ஒடைச்சா மட்டும்தான் உங்க தலையில. ஆனா ஒண்ணு. ரிப்பேர்னு தெரிஞ்சும் யூஸ் பண்ணி ஏதாவது ஆச்சுன்னா, அப்பறம் அவன் உங்களத்தான் கேப்பான்."

"அவரு ரிப்பேர் பண்ண வரலன்னா?"

"எழுதிக் குடுங்க." சாம்பார் ஊற்றிக்கொண்டே, "எழுதிக் குடுத்தா அடுத்த மாசம் காலி பண்ணச் சொல்லுவான்."

தன் வீட்டுக் குடித்தனக்காரர்கள் எழுதிக் கொடுத்தால் என்ன பண்ணுவார் என்று கேட்டேன். ஊறுகாய் வேண்டுமா என்றார்.

நி.க்கு லேசாய்த் தும்மல். பயம்.

டிசம்பர் 9, செவ்வாய்

பாபு வந்தான், எலக்ட்ரீசியன். நாலு போனுக்கு அப்புறம், காதில் ஒரு போனோடு. கீசர் சுவிட்சைப் போட்டு டெஸ்டரை வைத்தான், லைட் எரிந்தது.

"உள்ள காயில் போயிருக்குக்கா. பாடில கரண்ட் ஏறுது. அது போனாலும் எர்த்து இருந்தா இப்பிடி அடிக்காது. எர்த்து எங்கயோ கட்டாயிருக்கு. மெயின் போர்ட் எங்க?"

மெயின் போர்ட் கீழே. முன்னால் அது வராந்தா. இரண்டு வருஷத்துக்கு முன் கிரில் வைத்து அடைத்து, டைல்ஸ் ஒட்டி ரூம் ஆக்கினார்கள். இப்போது அதுதான் மாலை போட்டவருக்கு பூஜை ரூம். மேஜை போட்டு, ஐயப்பன் படம், பூ அலங்காரம், சீரியல் லைட். போர்ட் அந்தப் படத்துக்குப் பின்னால்.

பாபு கீழே போய்க் கேட்டான். நான் மாடிப்படியில் நின்று கேட்டேன்.

"மேல போய்ட்டு வந்தியா சாமி?"

"ஆமா சாமி."

"அப்ப குளிச்சுட்டு வா. வேட்டி தரேன்."

"நான் எதுக்கு சாமி குளிக்கணும்? காலைலயே குளிச்சாச்சு."

"அது தீட்டு வீடு சாமி. அப்பிடியே உள்ள வரக் கூடாது. வந்தாலும் படத்த நகத்த முடியாது, ஸ்தாபனம் பண்ணிருக்கு. இருமுடி கட்டிப் போற வரைக்கும் கை வைக்கக் கூடாது."

பாபுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவரைப் பையில் சொருகிக்கொண்டு மேலே வந்தான். "ரிப்பேருக்கு வந்தவன குளிக்கச் சொல்ற வீட்ட இன்னிக்குத்தான்கா பாக்கறேன்."

"அவரு போற வரைக்கும் என்ன பண்றதுடா?"

"யூஸ் பண்ணாதீங்க. பண்ணியே ஆவணும்னா சுவிட்ச் போட்டு சூடு பண்ணி, ஆஃப் பண்ணிட்டு, அப்பறமா தண்ணி புடிங்க. குளிக்கறப்ப மட்டும் சுவிட்ச் போடவே கூடாது. நெறைய வீட்டுல இப்பிடித்தான் ஓட்டறாங்க."

போன் அடித்தது, போய்விட்டான்.

வேண்டாம், கேஸ் அடுப்பிலேயே ஓட்டுவோம். சிலிண்டர் ஜாஸ்தி நாள் வராது. புக் பண்ணியாயிற்று. ராடு இன்னும் வரவில்லை. "மறந்துட்டேன்" என்பதற்கு இவர் ஒரு முகம் வைத்திருக்கிறார்.

டிசம்பர் 11, வியாழன்

எழுத்து கோணல்.

காலையிலேயே கேஸ் தீர்ந்தது. ஏஜென்சியில் "நாளைக்குத்தாங்க மேடம்." மழை. நி.க்குக் காலையிலும் குளியல் இல்லை, உடம்பு கசகசவென்று அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். குழந்தைக்கும் துடைத்துவிட்டதோடு சரி.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். பாபு சொன்ன மாதிரியே பண்ணுவோம் என்று கீசர் சுவிட்சைப் போட்டேன். பாத்ரூம் கதவைச் சாத்தி, நி.யிடம் "நான் சொல்ற வரைக்கும் உள்ள போகாத" என்றேன். நானே கதவுக்குக் காவல். அவ்வளவு ஜாக்கிரதை.

கீழே தொப்பென்று சத்தம். பித்தளைச் சொம்பு உருளுகிற சத்தம். அப்புறம் விஜயாக்கா கத்தினார். "ஐயோ! சாமி!"

ஓடி எட்டிப் பார்த்தேன். ஓனர் சாயங்காலக் குளியலுக்குப் போன இடத்தில், பாத்ரூம் வாசலில், ஈர வேட்டியோடு மல்லாக்கக் கிடந்தார். நெற்றியில் ரத்தம். மாலை அறுந்து மணியெல்லாம் தண்ணீரில் சிதறிக் கிடந்தது. அக்கா அவரை உலுக்குகிறார், இன்னொரு கையால் மணியைப் பொறுக்குகிறார், எதைச் செய்வது என்று தெரியாமல்.

இவரும் பக்கத்து வீட்டுப் பையன்களும் ஆட்டோவில் ஏற்றினார்கள். கண் திறந்திருந்தது. "யாரோ புடிச்சுத் தூக்கி அடிச்சாப்ல இருந்துச்சு" என்றாராம் ஆட்டோவில்.

மேலே வந்தேன். பாத்ரூம் கதவுக்கு மேலே கீசரின் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது.

அணைத்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

உயிருக்கு ஆபத்தில்லை. நெற்றியில் தையல், ஈசிஜி நார்மல், ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். தலை சுற்றி வழுக்கி விழுந்தது என்று எழுதியிருக்கிறார்களாம். பச்சைத் தண்ணீர்க் குழாயில் கரண்ட் வரும் என்று யார் நினைப்பார்கள்?

எனக்கு அந்த சிவப்பு லைட் கண்ணிலேயே நிற்கிறது. ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய் பாபுவுக்கு போன் போட்டேன்.

"பாபு, மேல கீசர் போட்டா கீழ்வீட்டுக் கொழாயில அடிக்குமா?"

"ரெண்டு பாத்ரூமுக்கும் ஒரே லைனா? பைப்பு இரும்பா?"

"பழைய பைப்பு. இரும்புதான்."

"அப்ப அடிக்கும்கா. எர்த்து இல்லல்ல, போற வழிலாம் அடிக்கும். ஏன், யாருக்காச்சும்..."

"ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டேனாம். இன்றைக்கு முழுக்க டைப் பண்ணியது எல்லாமே தப்பு, சூப்பிரண்டு திருப்பி அனுப்பினார்.

இவரிடம் சொன்னேன். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்புறம், "அவரு சாவல. நல்லாத்தான இருக்காரு? வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு கோமதி. போலீசு கேசுன்னு ஆச்சுன்னா உன் வேலைக்கே உலை."

அவர் சொல்வது சரி. ஹெட் கிளார்க் சொன்னதும் அதுதானே. தெரிஞ்சும் யூஸ் பண்ணி ஏதாவது ஆச்சுன்னா.

கேஸ் வந்தது.

டிசம்பர் 13, சனி

மலைமேல் இன்றைக்குத்தான் தீபம் கடைசி.

குருசாமி வந்து பார்த்துவிட்டுப் போனார், கூட நாலைந்து கறுப்பு வேட்டிகள். மாலை அறுந்ததுதான் பெரிய பேச்சு. விரதத்தில் இருப்பவரை யாரோ தூக்கி அடித்த மாதிரி ஆவது என்றால் சும்மாவா? தலைக்கு மேலே தீட்டு இருந்தால் இப்படித்தான் ஆகுமாம். பரிகாரம் பண்ணி வேறு மாலை போடலாம், ஆனால் மேல்வீட்டை முதலில் காலி பண்ணச் சொல்லணுமாம்.

விஜயாக்கா மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றுகொண்டு சொன்னார். மேலே ஏறவில்லை. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"கோமதி, தப்பா நெனைச்சுக்காத. உன் பொண்ண மட்டுமாச்சும் கொஞ்ச நாளு வேற எங்கயாச்சும் வெச்சுக்கோ. அவரு மலைக்குப் போறதுக்குள்ள. எனக்கு பயமா இருக்கு."

"எங்கக்கா கூட்டிட்டுப் போறது? தையல் போட்ட ஒடம்பு. பச்சப் புள்ள."

"தெரியுது. எனக்கு வேற வழி தெரியல."

அப்போதே சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. பின்னால் இவர் நின்றுகொண்டு என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், சின்னப் பிள்ளையை இழுக்கிற மாதிரி. சொல்லவில்லை.

உள்ளே வந்தால் நித்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என்னாலயாம்மா அவரு விழுந்தாரு?"

"லூசு மாதிரி பேசாத."

"இல்லம்மா, அன்னிக்கு அவரு எதிர்ல வந்தப்ப நான் பால்கனில நின்னேன். நின்னிருக்கக் கூடாது."

மத்தியானம் துணி துவைத்துப் போட்டவள், குழந்தையின் தூளித்துணியைக் கூடக் கொடியில் போடாமல் ரூமுக்குள்ளேயே நாற்காலியில் காயப் போட்டிருக்கிறாள். "கீழ அவங்களுக்குத் தெரியாம." ஜன்னலைச் சாத்திவிட்டாள். தன் பிள்ளையைத் தானே ஒளித்து வைக்கிறாள்.

ஜன்னலைத் திறந்தேன். அவள் சாத்தினாள். மறுபடி திறந்தேன். பெற்றெடுத்ததைத் தவிர என் பெண் என்ன பண்ணினாள்? சுவிட்ச் போட்டவள் நான். என் வேலை போகாமல் இருக்க அவள் பழி சுமக்கிறாள், அவளுக்கே தெரியாமல்.

டிசம்பர் 14, ஞாயிறு

மழை விட்டது. நல்ல குளிர். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

காலையிலேயே இவரிடம் சொல்லிவிட்டேன், போகிறேன் என்று. "உனக்குப் பைத்தியமா?" "ஆமாம்." பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் கீழே பூஜை. சரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கிரில் கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே குருசாமி, இன்னும் சில சாமிகள், ஓனர் நெற்றியில் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கற்பூரம் காட்டும்வரை பொறுத்திருக்கலாம். பொறுத்திருந்தால் படி ஏறியிருப்பேன்.

"சாமி, ஒரு விஷயம் சொல்லணும்."

குருசாமி திரும்பினார். "பூஜை நடக்குதேம்மா. அப்பறமா வாங்க."

"அப்பறம்னா சொல்ல மாட்டேன் சாமி, பயந்துடுவேன். சாமி விழுந்தது தீட்டால இல்ல. கரண்டு. மேல கீசர் சுவிட்ச் போட்டது நான். அது பைப்பு வழியா கீழ வந்து அடிச்சிருக்கு. என் பொண்ணுக்கும் புள்ளைக்கும் இதுல சம்பந்தமே இல்ல."

சரணம் பாதியில் நின்றது. ஒரு இளவட்ட சாமி எழுந்துவிட்டான். "இன்னாம்மா சொல்ற? ஆளக் கொல்லப் பாத்துட்டு வந்து நிக்கற?"

அப்போதுதான் பின்னால் செருப்புச் சத்தம். இவர் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். அவ்வளவு போதும் எனக்கு.

ஓனர் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். குரல் ஏறவில்லை, ஆனால் சிரிப்பும் இல்லை. "போடக் கூடாதுனு உங்களுக்கு யாரும் சொல்லலயா?"

"சொன்னாங்க சாமி. குளிக்கறப்ப போடக் கூடாதுனு சொன்னாங்க. கதவ சாத்திட்டு, பொண்ண வெளிய நிக்க வெச்சுட்டுத்தான் போட்டேன். கீழ நீங்க குளிப்பீங்கனு எனக்கு நெனப்பே வரல. தப்புதான். ஆனா சரி பண்ணிக் குடுங்கனு நான் வந்து கேட்டேன். மலைக்குப் போய்ட்டு வந்து பாக்கலாம்னு சொன்னீங்க. பாபு வந்தான், படத்த நகத்த முடியாதுன்னீங்க."

கேட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

சமையலறைப் பக்கமிருந்து விஜயாக்கா பிரசாதத் தட்டோடு வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"எந்தக் கொழா கோமதி? பாத்ரூம்ல இருக்கறதா, நான் பாத்திரம் கழுவறதா?"

"ஒரே பைப்புதான்க்கா. எல்லாத்துலயும் வரும்னான்."

தட்டைக் கீழே வைத்தார். தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"எனக்கு ஆடி மாசத்துலருந்து கை மதமதங்குது" என்றார். என்னிடம் இல்லை, புருஷனிடம். "சாயங்காலம் பாத்திரம் போட்டா சுருக்கு சுருக்குனு குத்துது, கொழாயத் தொட்டா ஜாஸ்தியாவுதுனு சொன்னேனா இல்லயா? சுகர்காரிக்கு அப்பிடித்தான் இருக்கும்னீங்க. டாக்டரும் நரம்புனு சொல்லி மாத்திரைய ஏத்திட்டாரு. தின்னா தலை சுத்துது, தின்னேன். கை சரியாவணும்னு பௌர்ணமிக்கு பௌர்ணமி வெறுங்காலோட மலைய சுத்துனேன். கொழாயில கரண்டுனு ஒருத்தருக்கும் தோணலயா?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. சாயங்காலம் நாங்கள் கீசர் போடுகிற நேரம்தான் அக்கா பாத்திரம் கழுவுகிற நேரம். ஆடியிலிருந்து.

அக்கா படத்தைக் கை காட்டினார்.

"சாமி, படத்த எடுங்க. நாளைக்கு அந்தப் பையன் வந்து போர்டப் பாக்கட்டும்."

"ஸ்தாபனம் பண்ணதும்மா..." என்று குருசாமி ஆரம்பித்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏங்க" என்றார். கார்த்திகை முதல் தேதியிலிருந்து அந்த வீட்டில் நான் கேட்காத வார்த்தை. "படத்த எடுங்க."

ஓனர் எழுந்தார். சீரியல் லைட்டின் பிளக்கைப் பிடுங்கினார். படத்தை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார், எங்கே வைப்பது என்று தெரியாமல். குருசாமிதான் தன் துண்டை உதறித் தரையில் விரித்தார்.

டிசம்பர் 15, திங்கள்

லீவு போட்டேன். பாபு சொன்ன நேரத்துக்கு வந்தான், அதிசயம். தலை ஈரம். "குளிச்சுட்டே வந்துட்டேன்கா, எதுக்கு வம்பு?"

போர்டுக்குக் கீழே ஒரு டைல்ஸைப் பெயர்த்தான். பச்சை எர்த்து ஒயர் வெட்டுப்பட்டு நீட்டிக்கொண்டிருந்தது. வராந்தாவை ரூம் ஆக்கும்போது கொத்தனார் வெட்டிவிட்டு அப்படியே பூசியிருக்கிறான். அதை இணைத்தான். கரண்ட் கசிந்தால் தானே டிரிப் ஆகிற சுவிட்ச் ஒன்று மாட்டினான். மேலே கீசருக்குப் புதுக் காயில். பழையது பல மாசமாகவே லேசாய்க் கசிந்திருக்கும், கீழே ஈரத்தரையில் நிற்பவருக்குத்தான் அது முதலில் தெரியும் என்றான். எல்லாம் ஓனர் செலவு. "எல்லாத்தையும் என் கணக்குல போடு" என்றார் பாபுவிடம், எங்கள் பக்கம் பார்க்காமல். காலி பண்ணுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அக்ரிமென்ட் சித்திரையில் முடிகிறது, அப்போது என்ன சொல்வாரோ. மலைக்குப் போவாராம், வேறு மாலை போட்டுவிட்டார்கள்.

நித்யா குழந்தையோடு பால்கனியில் நின்றாள். உள்ளே போ என்று யாரும் சொல்லவில்லை.

பாபு கீசரைப் போட்டு மேலே கீழே எல்லாக் குழாயிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்தான். எரியவில்லை. "அவ்ளோதான். யாராச்சும் தொட்டுப் பாருங்க."

யாரும் நகரவில்லை. ஓனர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நானும்தான் போகவில்லை, என்னத்துக்குப் பொய்.

விஜயாக்கா முந்தானையைச் சொருகிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனார். கையை வாளித் தண்ணீரில் நனைத்தார். "அக்கா, வேணாம்" என்றேன். குழாயைப் பிடித்தார்.

"குத்துதாம்மா?" என்றான் பாபு.

தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. பாபு சாமான்களை எடுத்துப் பையில் போட ஆரம்பித்தான். ஓனர் உள்ளே போய்விட்டார். அக்கா மட்டும் அந்தக் குழாயைப் பிடித்தபடியே நின்றார். "ஒண்ணுமே இல்ல" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "ஒண்ணுமே இல்லயே கோமதி." கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்க வேண்டுமானால் கையை எடுக்க வேண்டும். எடுக்கவே இல்லை.